ஆண்டுக்கு 45 நாள்தான்: பழைய கார்களின் கண்காட்சி நாள் எப்படி நடக்கிறது?

சிங்கப்பூர்ச் சாலையில் 1960களின் மோரிஸ் மைனர் ஒன்று போவதைப் பார்த்தால், அதன் உரிமையாளர் அன்றைக்குப் பெட்ரோலோடு சேர்த்து ஒரு நாளையும் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் பதிவான கார் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓடலாம். போதாவிட்டால் நாளுக்கு 20 வெள்ளி கட்டி அதிகபட்சம் 17 நாள்களைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். அதற்குமேல் கார் வீட்டில்தான்.

இந்தக் கணக்கில் பத்து நிமிடம் ஓட்டினாலும் ஒரு நாள், காலை முதல் இரவு வரை ஓட்டினாலும் ஒரு நாள். எண்ணெய் போட, பழுதுபார்க்க, பரிசோதனைக்குக் கொண்டுபோக எல்லாம் போக மிஞ்சும் நாள்களில் ஒன்றைத்தான் உரிமையாளர் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிக்குக் கொடுக்கிறார். ஐம்பது கார்கள் வந்தால் ஐம்பது பேர் தலா ஒரு நாளைக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்பாடு சொதப்பினால் அந்த நாள் திரும்ப வராது. கண்காட்சிக்கு உதவும் தொண்டூழியர்களுக்கு முதலில் புரியவேண்டியது இதுதான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

1990ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து இங்கே கார் வைத்திருக்க சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் ஆயுள் பத்து ஆண்டு. பத்து ஆண்டுக்குள் காரை அழித்தாலோ ஏற்றுமதி செய்தாலோ பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி கழிவாகத் திரும்பக் கிடைக்கும். பத்து ஆண்டைத் தாண்டினால் கழிவு போய்விடும். அத்துடன் சாலை வரியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்ற கணக்கில் ஐம்பது விழுக்காடு வரை மேல்வரி ஏறும். ஆண்டுதோறும் பரிசோதனையும் உண்டு. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அப்போதைய சந்தை விலையின் சராசரியைக் கட்டவேண்டும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பிரிவில் அந்த விலை 150,001 வெள்ளியைத் தொட்டது.

இந்த ஏற்பாடு முழுவதும் பழைய காரைச் சாலையிலிருந்து அனுப்பிவிடத்தான். நெரிசல் குறையவேண்டிய சிறிய தீவில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் பக்கவிளைவாக, நம் ஊரில் ஒரு காருக்கு வயதாவதே அபூர்வம். வெளிநாடுகளில் ஏதோ ஒரு பாட்டியின் வீட்டுக் கொட்டகையில் மறந்துபோன கார் நாற்பது ஆண்டு கழித்துத் தூசியோடு வெளிவரும் கதைகள் உண்டு. இங்கே கொட்டகையும் கிடையாது, மறந்துபோக வழியும் கிடையாது.

கிளாசிக் திட்டம் இதற்கு விடப்பட்ட ஒரு சிறிய வாசல். முதல் பதிவிலிருந்து குறைந்தது 35 ஆண்டு ஆன வாகனங்கள் அதில் சேரலாம். முழு நேரச் சாலை உரிமையை விட்டுக்கொடுப்பதால் செலவு குறைகிறது. 1940ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் தயாரானவை விண்டேஜ் வகை. அவற்றுக்கு ஆண்டுக்கு 28 நாள்.

வயதுக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபீவா 30 ஆண்டு என்கிறது. பிரிட்டனில் 40 ஆண்டு ஆனால் சாலை வரி விலக்கு கேட்கலாம். இந்தியா 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வாகனங்கள்தான் விண்டேஜ். அவற்றுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளுடன் தனி எண் தருகிறார்கள். கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் அவற்றைச் சாலையில் ஓட்டலாம்.

நம் கணக்கில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. சிஓஇ தொடங்கிய 1990இல் பதிவான கார்களுக்கு 2025இல் 35 வயது நிறைந்தது. டொயோட்டா கொரோலா, நிசான் சன்னி, ஹோண்டா சிவிக் என்று அப்பா காலத்தில் வீவக அடுக்குமாடிகளின்கீழ் வரிசையாக நின்றவை எல்லாம் இப்போது ‘கிளாசிக்’ ஆகும் வயதில் இருக்கின்றன. எத்தனை மிச்சம் என்பதுதான் கேள்வி. ரோல்ஸ்-ராய்ஸை எல்லாரும் பத்திரப்படுத்துவார்கள். சன்னியை யார் பத்திரப்படுத்தினார்கள்?

‘காப்பி மெஷின்’ முதல்

தீவுக்கு முதல் கார் வந்தது 1896 ஆகஸ்ட்டில். கேட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் இறக்குமதி செய்த பென்ஸ் அது. சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி என்ற வழக்கறிஞர் அதை ஓட்டினார். பழைய சிங்கப்பூரின் வரலாற்றை எழுதியவரும் அவரே. அது போட்ட சத்தத்தால் ஊர் அதற்கு ‘காப்பி மெஷின்’ என்று பெயர் வைத்தது. பத்து ஆண்டு கழித்து திருமதி டேர் என்ற பெண்மணி ‘எஸ்-1’ என்ற பதிவெண் கொண்ட காரை ஓட்டிச் சென்றபோது, மலாய்க்காரர்கள் அதைப் பிசாசுக் காற்று வண்டி என்றார்களாம்.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. 1941இல் அப்பர் புக்கிட் தீமா சாலையில் ஃபோர்டு நிறுவனத்தின் கார் பொருத்தும் ஆலை எழுந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அந்த ஆலையில்தான். போருக்குப்பின் மறுபடி கார் செய்து, 1980இல் மூடப்பட்டது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையையே மூடி கார்ப் பந்தயம் நடத்தினார்கள்.

இந்தக் கதையில் நம்மவர் எங்கே என்று தேடினால் பெயர்ப் பலகைகளில் கிடைக்கமாட்டார்கள். சாலை போட்டவர்களில் இருப்பார்கள். கார் ஓட்டியவர்களில், கழுவியவர்களில், அடியில் படுத்து நட்டு முடுக்கியவர்களில் இருப்பார்கள். அன்றைய மலாயாவில் காரோட்டிக்கு ‘சைஸ்’ என்று பெயர். குதிரைக்காரனைக் குறித்த அந்தச் சொல், குதிரை போய்க் கார் வந்தபோது கூடவே முன்னிருக்கைக்கு ஏறிவிட்டது. தேக்காவை ஒட்டிய ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்த ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரிந்திருக்கும். ஜாலான் புசார் பக்கம் உதிரிபாகக் கடைகளும் பணிமனைகளும் நிறைந்திருந்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கண்காட்சிக்கு முந்திய வேலை

சிங்கப்பூரில் இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாக இயங்குவது மலேசியா - சிங்கப்பூர் விண்டேஜ் கார் ரெஜிஸ்டர் என்ற சங்கம். 2008இல் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம் மரினா பே பகுதிக்கு வந்தபின், பந்தயத்துக்கு முன்பு ஓட்டுநர்களை ஊர்வலமாக அழைத்துச்செல்ல அச்சங்க உறுப்பினர்களின் பழைய கார்கள் பயன்பட்டதைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருக்கலாம். இதுதவிர ஒரே நிறுவனத்தின் கார்களை விரும்புவோர் நடத்தும் சிறிய குழுக்களும் உண்டு.

எந்தச் சங்கமாக இருந்தாலும் கண்காட்சிக்கு முதல் வேலை இடமும் அனுமதியும். சாலையை மூடுவதென்றால் காவல்துறையிடமும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் போகவேண்டும். வீவக கார் நிறுத்துமிடம் என்றால் கழகத்தின் அல்லது நகர மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பெரிய கூடாரத்துக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள், உணவுக் கடைகளுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகள். இதையெல்லாம் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பி முடிக்கிறார். பரிசளிப்பில் அவர் பெயரை யாரும் வாசிப்பதில்லை.

அடுத்தது சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும். நம் வீவக நிறுத்துமிடத்தில் ஒரு கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். 1959ஆம் ஆண்டின் கேடிலாக் ஏறத்தாழ 5.7 மீட்டர். வால் வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். அதே கட்டத்தில் பழைய மினி, மூன்று மீட்டரைச் சற்றே தாண்டி, ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். எந்தக் கார் எங்கே என்று முதலிலேயே தாளில் வரைந்துவைக்காவிட்டால், காலை எட்டு மணிக்கு வாசலில் வரிசை நிற்கும். வரிசையில் நிற்கும் பழைய கார் சூடேறும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சீக்கிரம் கிளம்பவேண்டியவர்களை ஓரத்தில் நிறுத்துவது, கூட்டம் உள்ளே வந்தபின் எந்தக் காரையும் நகர்த்தாமல் இருப்பது, தவிர்க்க முடியாமல் நகர்த்தினால் ஒருவர் காருக்கு முன்னால் நடந்துபோவது ஆகியவை எல்லா நாட்டுச் சங்கங்களிலும் ஏறக்குறைய ஒரே விதி. முன்னால் நடப்பவர் காருக்கு மிக அருகில் நடக்கக்கூடாது. அந்தக் காலத்துப் பிரேக் இந்தக் காலத்து அவசரத்துக்குப் பழகியதில்லை.

மணி ஏழரை, தொண்டூழியருக்கு ஒரு பாடம்

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு வரும் இளையர்கள் பலருக்குக் கார் ஓட்டவே தெரிந்திருக்காது. அது தேவையும் இல்லை. உரிமையாளரைத் தவிர வேறு யாரும் காரை ஓட்டக்கூடாது என்பது காப்புறுதியின் பொருட்டுப் பெரும்பாலான சங்கங்கள் வைத்திருக்கும் விதி. ஆனால் பழைய காரின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சொட்டு. பழைய இயந்திரங்கள் எண்ணெய் சொட்டும். சொட்டாவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள் என்று பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு காரின் அடியிலும் ஒரு தட்டு, தட்டில் ஓர் அட்டை. வேறு ஊரில் இது தரை அசிங்கமாகாமல் இருக்கச் செய்யும் வேலை. இங்கே அதைவிடப் பெரிய காரணம் உண்டு. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. கார் நிறுத்துமிடத்து வடிகால் கடைசியில் நம் குடிநீரில் சேர்கிறது. சிந்திய எண்ணெயைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளக்கூடாது. உறிஞ்சும் தூளைக் கொட்டி அள்ளவேண்டும். பூனைக்கு வைக்கும் மணலும் போதும்.

அடுத்தது பேட்டரி. கண்காட்சி முடிவில் இரண்டு மூன்று கார்களாவது கிளம்ப மறுக்கும். உதவும் மனம் உள்ள ஒருவர் தம் புதிய காரிலிருந்து கம்பி எடுத்துக்கொண்டு ஓடிவருவார். அவரைத் தடுக்கவேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. பார்க்காமல் மாட்டினால் தீப்பொறிதான். 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்களில் பேட்டரியே ஆறு வோல்ட்; அதில் 12 வோல்ட் பாய்ச்சினால் விளக்குகள் ஒரு கணம் பிரகாசமாக எரிந்து பிறகு எரியாமலே போகும். உரிமையாளர் வரும்வரை கம்பியைக் கீழே வைப்பதுதான் உதவி.

கைப்பிடி சுற்றிக் கிளப்பும் கார் வந்தால் சுற்றிப் பார்க்க ஆசைப்படாதவர் குறைவு. இயந்திரம் திருப்பி உதைத்தால் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழலும். கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியிருந்தால் விரல் முறியும். அதனால் பழக்கப்பட்டவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்வார்கள்.

சூடு தனிக் கதை. இந்தக் கார்களில் பல, குளிர்நாட்டில் பிறந்தவை. 32 பாகை வெயிலில், நகராத வரிசையில், நீர் கொதிக்கும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். ஆறும்வரை காத்திருப்பது ஒன்றுதான் வழி. இன்னொரு வகை மயக்கமும் உண்டு. குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி இயந்திரத்துக்குப் போய்ச்சேராது. கார் திடீரென நின்றுவிடும். பெட்ரோல் பம்ப்மீது ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் நிழலில் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். அந்த ஈரத்துணிக்காகவே ஒரு வாளித் தண்ணீர் வாசலில் இருக்கவேண்டும். மருத்துவர் போல ஒருவர் அந்த வாளியோடு வருவதைப் பார்க்கும் பிள்ளைகளுக்குக் கண்காட்சியின் மற்ற எதையும்விட அதுதான் நினைவிருக்கும்.

தீயணைப்பானில் ஒரு நுணுக்கம். உலர்தூள் வகை தீயை அணைத்துவிடும். ஆனால் அந்தத் தூள் உலோகத்தையும் மின்கம்பிகளையும் அரிக்கும். அதனால் கரியமில வாயு வகையையும் பக்கத்தில் வைத்திருக்க உரிமையாளர்கள் விரும்புவார்கள். ஆள் உயிர் என்று வந்தால் கையில் கிடைப்பதை எடுத்து அடிக்கவேண்டியதுதான். இயந்திரத்தில் தீப்பிடித்தால் மூடியை அகலத் திறக்கக்கூடாது. காற்று புகுந்தால் தீ எகிறும். கடைத்தொகுதியின் உள்ளே காட்சிக்கு வைக்கும்போது தொட்டியில் பெட்ரோலைக் குறைத்து, பேட்டரியைக் கழற்றிவிடுவது வழக்கம்.

இயந்திரச் சத்தம் கேட்க வந்த கூட்டத்தைப் பார்த்து உரிமையாளருக்கும் ஆசை வரும். நிறுத்திய வாகனத்தில் இயந்திரத்தை ஓடவிடுவது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம் என்பதைப் பணிவாக நினைவூட்டவேண்டிய வேலையும் தொண்டூழியருடையதே. வயதில் மூத்தவரிடம் “அங்கிள், இஞ்சினை அடைச்சிடுங்க” என்று சொல்லும் விதத்தில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

கார் காலத்தில் கார்

பழந்தமிழில் ‘கார்’ என்றால் மழை. கார்காலம் என்றால் மழைக்காலம். கண்காட்சி ஏற்பாட்டாளர்களுக்கு இந்தச் சிலேடை சிரிப்பை வரவழைக்காது. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்களில் எங்காவது இடி மின்னல் உள்ள தீவு இது. திறந்த கூரைக் கார்களின் மேல்துணியைப் போட இரண்டு பேர், சில வேளை நான்கு பேர் வேண்டும். எந்தக் காருக்கு யார் உதவுவது என்று காலையிலேயே பெயர் எழுதிவைத்திருந்தால் மழை வந்தபின் ஓடவேண்டியதில்லை. மின்னல் தொடங்கினால் திறந்தவெளியிலிருந்து கூட்டத்தை அருகிலுள்ள கட்டடத்துக்குள் அனுப்புவதே முதல் வேலை. கார் நனைந்தால் காய்ந்துவிடும்.

மழைக்காக நிகழ்ச்சியை வேறு நாளுக்குத் தள்ளினால், காலையிலேயே கிளம்பி வந்துவிட்ட ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் செலவு. அதனால்தான் முடிவை முந்திய நாள் மாலையே எடுக்கப் பார்க்கிறார்கள். வானிலை அறிக்கை அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

தொடாமல் பார்ப்பது

பெயிண்டுக்கு எதிரி கெட்ட எண்ணம் உள்ளவர்கள் அல்லர். கைப்பையின் ஜிப், இடுப்பு வாரின் கொக்கி, படம் எடுக்கச் சாய்பவரின் கடிகாரம். கதவோரம் மடங்கியிருந்து, திரும்பும்போது கைபோல நீட்டும் பழைய சைகைக் கம்பியை ஒரு குழந்தை இழுத்தால் கையோடு வந்துவிடும். மாற்று வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். கயிறு கட்டுவது ஒரு வழி. ஆனால் எல்லாக் காருக்கும் கயிறு கட்டினால் அருங்காட்சியகம்போல் ஆகிவிடும். ஏறி உட்காரலாம் என்று ஓர் உரிமையாளராவது இசைந்து ஒரு காரை ஒதுக்கினால், பிள்ளைகளின் கைகள் மற்றக் கார்களிலிருந்து தாமாகவே விலகும்.

கண்காட்சியில் அதிக நேரம் நிற்பவர்கள் பிள்ளைகளைவிட மூத்தோர்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டைக் கண்டால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அம்பாசடர் என்பார்கள். தவறில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் மூன்றாம் வரிசை வடிவத்தைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் என்ற பெயரில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்தது. டிரையம்ப் ஹெரால்டைப் பார்த்தால், சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானதை நினைவுகூர்பவர் இருப்பார். கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவின் பெயரால் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்கள் அங்கே பார்த்ததை ஒப்பிடுவார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர் அவர்.

இந்த உரையாடல்களுக்குத் தமிழ் பேசும் தொண்டூழியர் இருந்தால் நன்றாக இருக்கும். கார் முன்னால் வைக்கும் அட்டையில் நிறுவனம், ஆண்டு, இயந்திரக் கொள்ளளவு, பொதுவாக ஆங்கிலத்தில். ஆங்கிலம் வாசிக்காத மூதாட்டி, கணவர் முதலாளிக்கு ஓட்டிய கார் இதே நிறம் என்று சொல்ல ஆள் தேடிக்கொண்டிருப்பார். அட்டையில் உரிமையாளரைப் பற்றி இரண்டு வரி இருக்கும். அந்தக் காரை முப்பது ஆண்டு ஓட்டிய டிரைவரைப் பற்றியும், அதை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்கைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க அட்டையில் இடம் இருக்கிறது. நம் சமூகத்தின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் கிடைக்கும்.

பரிசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடுவர்கள் பார்ப்பது முக்கியமாக, கார் ஆலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்பதை. புதுப்பித்தவற்றுக்கு ஒரு பிரிவு, தொடாமல் காத்தவற்றுக்கு ஒரு பிரிவு, மக்கள் தேர்வு ஒன்று. ஆலையிலிருந்து வந்த நாளில்கூட இவ்வளவு பளபளப்பாக இருந்திருக்காத கார்கள் கோப்பை வாங்குவதைப் பார்க்கலாம். தோல் இருக்கையில் விரிசலும், ஸ்டீயரிங்கில் கை தேய்ந்த தடமும் உள்ள காரிடம்தான் சொல்ல அதிகம் இருக்கும்.

யார் பழுதுபார்ப்பது?

சங்கங்களைக் கவலைப்பட வைப்பது நாள் கணக்கு மட்டுமல்ல. 1998 ஜூலை முதல் தேதியிலிருந்து இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் விற்பதில்லை. பழைய இயந்திரங்களின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் காப்பாக இருந்தது. அதனால் கெட்டியான வால்வு இருக்கைகளைப் பொருத்துகிறார்கள், அல்லது பெட்ரோலில் மாற்று மருந்தைக் கலந்து சமாளிக்கிறார்கள். இப்போது அடுத்த கட்டம். 2030லிருந்து புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்கவேண்டும். 2040க்குள் பெட்ரோல், டீசல் வாகனங்களைப் படிப்படியாக விலக்குவது அரசாங்கத்தின் இலக்கு.

அப்போது எண்ணெய் நிலையங்கள் குறையும். அதற்கு முன்பே குறைந்துவருவது கைகள். கார்புரேட்டரைக் காதால் கேட்டுத் திருத்துபவர், பற்றவைப்புப் புள்ளியின் இடைவெளியை அளவுத் தகட்டால் சரிசெய்பவர், கிடைக்காத பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் செய்து தருபவர் எல்லாரும் ஓய்வுபெறும் வயதில் அல்லது அதைத் தாண்டியும் வேலை செய்கிறார்கள். சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பணிமனைகளில் இன்று கணினியை மாட்டினால் காரே தன் கோளாறைச் சொல்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேரும் இளையர் மின்கார்களைப் படிக்கிறார்கள். வேலை அங்கேதான் இருக்கிறது, அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சொல்லும் கணினி இல்லாத காரிடம் கோளாறைக் கேட்டு வாங்கும் பழக்கம் புத்தகத்திலிருந்து வருவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்து வருவது.

கண்காட்சி நாளில் அப்படிப் பக்கத்தில் நிற்க இடம் கிடைக்கிறது. கிளம்பாத காரைச் சுற்றி நான்கு மூத்தோர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் இளையர் அரை மணி நேரத்தில் நிறையக் கற்றுக்கொள்கிறார்.

மாலையில்

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பியபின் சொட்டுத் தட்டுகளை எடுத்து, எண்ணெயைத் தனிக் கலனில் ஊற்றி, தரையைப் பார்த்து, கூடாரத்தைப் பிரிக்கவேண்டும். அதோடு முடிந்துவிடுவதில்லை. எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று ஒருவர் வரிசையாகத் தொலைபேசியில் கேட்பார். யாராவது ஒருவர் தீவு விரைவுச்சாலையின் ஓரத்தில் நிற்பதாகச் சொல்வது வழக்கம்தான். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மீட்புச் சேவை அவரை விரைவுச்சாலையிலிருந்து அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துக்கொண்டுபோய் விடும். அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுசெல்ல அவரே இழுவை வண்டி பிடிக்கவேண்டும். ஈரத்துணியும் வாளியும் உதவாத கோளாறா என்று கேட்டுவிட்டு, சங்கத்தில் இருவர் அங்கே கிளம்பிப் போவார்கள்.